வெட்டுண்ட ஓரம்

தபால் முத்திரை சேர்ப்போர் உளர். பழங்காசு சேர்ப்போரும் உளர். நமக்கு வாய்த்த பித்தோ போர் விமானச் சித்திரங்கள். வரலாறு கற்பிக்கும் ஆசிரியருக்கு இஃது எதற்கு என நம் இல்லாள் பன்முறை வினவியதுண்டு. சம்பளப் பணத்தில் உரிமையுடையவர் வினவும்பொழுது வாளாவிருத்தல் முறையன்று. ஆதலின் இங்கு விடை கூறுகின்றோம்.

இவை நாட்காட்டிப் படங்கள் போல்வன அல்ல. ஓவியர் தீட்டிய மூலத்தைச் சில நூறு பிரதிகளே அச்சிடுவர். ஒவ்வொன்றின் வெள்ளை ஓரத்திலும் 120/500 என்றாற்போல் எண்ணிட்டு, ஓவியர் பென்சிலால் ஒப்பமிடுவார். இங்கிலாந்தின் பாத் நகரத்தவரான ராபர்ட் டெய்லர் போன்றோரின் படங்களிலே, அப்போரிற் பறந்த விமானிகளும் ஒப்பமிட்டிருப்பர். ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்த முயன்ற ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் ஒரே தாளில் அருகருகே ஒப்பமிட்டிருப்பதும் உண்டு! 1940இல் நிகழ்ந்த பிரித்தானிய வான்சமரில் பறந்தோருள் இறுதியாக எஞ்சியிருந்த ஜோன் ஹெமிங்வே, 2025 மார்ச்சில் தமது 105ஆம் வயதில் மறைந்தார். அச்சமரின் படமெதிலும் இனிப் புதிய ஒப்பம் விழாது.

மாத்தளைக்கும் இதற்கும் என்ன உறவு என்பீர்கள். 1942 ஏப்ரல் 4ஆந் திகதி, கொக்கலையிலிருந்து கற்றலினா விமானத்திற் சென்ற கனடிய விமானி லெனர்ட் பேர்ச்சல், தெற்குக் கடலில் யப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டு வானொலித் தந்தி அனுப்பினார். அவரது விமானம் வீழ்த்தப்பட்டது, அவர் சிறைப்பட்டார். மறுநாள் உயிர்த்த ஞாயிறன்று கொழும்பிலும், 9ஆந் திகதி திருகோணமலையிலும் குண்டுகள் வீழ்ந்தன. அப்போர்க் காலத்திலேதான் நம் மாவட்டத்துச் சீகிரியாவில் விமானத்தளம் அமைந்தது. 1943இல் 160ஆம் படையணியின் லிபரேட்டர் விமானங்கள் அங்கு வந்து சேர்ந்தன.

அத்தளத்துக்காகக் காடு வெட்டிக் கல் சுமந்தோருள் நம் பாட்டனாரும் ஒருவர். விமானம் எழும் இரைச்சலுக்கு அஞ்சித் தலைச்சுமையைக் கீழே போட்டுவிட்டு ஓடிய கதையை, நம் சிறுவயதில் அவரே சொல்லிச் சிரிப்பார். எழுத்தறியாதவர், கூலிப் பட்டியலிற் பெருவிரல் ஒற்றியவர். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. தளத்துக்குக் கல் சுமந்தவர் நாடற்றவரானார். பின்னர் குடியுரிமை விண்ணப்பத்திலும் அதே பெருவிரலைத்தான் ஒற்றினார். அதன் பிரதியொன்று நம் வீட்டுத் தகரப்பெட்டியில் இருக்கிறது.

லிபரேட்டரிற் பறந்த முதியவர் ஒருவர் ஒப்பமிட்ட படம் விலைக்கு வருவதாக அறிந்தபொழுது, சீட்டுப் பணம் முழுவதையும் அதற்கே கொடுத்தோம். இல்லாளிடம் பாதி விலையே சொன்னோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சட்டமிடுவதற்காக நகரத்துக் கடையொன்றில் கொடுத்தோம். மறுநாள் படம் அழகாகவே இருந்தது; ஓரத்தைத்தான் காணவில்லை.

“சேர், சட்டத்துக்கு மிஞ்சி இருந்தது. வெள்ளைப் பகுதிதானே, வெட்டிவிட்டேன்” என்றார் கடைக்காரர். படம் மட்டையில் பசையிட்டும் ஒட்டப்பட்டிருந்தது. எண் போயிற்று; ஒப்பமும் போயிற்று. சேகரிப்போர் கண்ணில் அஃது இனிச் செல்லாக்காசு. சொல்லி விடாமற் கொடுத்த பிழை நம்முடையதே. வீடு வந்து, உண்ணாமற் படுத்தோம்.

மாலையில் இல்லாள் வெளியே சென்று திரும்பினாள். கையில் ஒரு நீண்ட காகித உறை. கடைக் குப்பைக் கூடையைக் கவிழ்த்துத் தேடியிருக்கிறாள்! ஓரம் இரண்டு துண்டுகளாய்க் கிழிந்திருந்தது. ஒப்பம் மட்டும் முழுமையாக இருந்தது.

“என்னங்க, இதுக்கு உண்மையில எவ்வளவு கொடுத்தீங்க?” என்றாள். சொன்னோம். சிறிது நேரம் பேசாதிருந்தவள், தகரப்பெட்டியைத் திறந்து பாட்டனாரின் விண்ணப்பத்தை எடுத்து அவ்வுறையின் அருகே வைத்தாள்.

இப்பொழுது படத்தின் கீழே, சிறிய சட்டமொன்றில், பென்சில் ஒப்பமும் பெருவிரல் அடையாளமும் இருக்கின்றன. இம்முறை பசையிடவில்லை. மாத்தளை மழையின் ஈரம் ஏறாமலும் வெயில் படாமலும் இருக்க, உட்சுவரில் மாட்டியிருக்கிறோம்.