கிழிக்காத பக்கங்கள்

கைப்பம்பைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே தோல் வைத்த ஒரு வால்வு இருக்கும். தண்ணீரை மேலே விடும், கீழே விடாது. அது தேய்ந்தால் வேறு தோல் போட்டுவிடுகிறோம். உங்கள் இருதயத்திலும் நாலு வால்வுகள் இருக்கின்றனவே, அங்கே பழுது வந்தால்?

ஒன்பதாம் வகுப்புக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கும் நான், வருஷா வருஷம் கேட்கும் கேள்வி இது. பிறகு பிளாஸ்டிக் குழாய், சைக்கிள் டியூப், பழைய எக்ஸ்ரே பிலிம், பாட்டில் மூடி எல்லாவற்றையும் மேஜைமேல் கொட்டி, "நீங்களே ஒரு வால்வு செய்யுங்கள்" என்பேன். கூடவே ஒரு சட்டம்: உதவாமல் போன ஒவ்வொன்றையும் நோட்டில் படம் போட்டு, காரணம் எழுத வேண்டும். பக்கத்தைக் கிழிக்கக் கூடாது.

பிள்ளைகளுக்கு இது கசப்பு மருந்து. கிழிப்பதில் அவர்கள் மகா சமர்த்தர்கள்!

அப்போதுதான் திருவனந்தபுரத்துக் கதையைச் சொல்வேன். அயல்நாட்டு வால்வின் விலை ஏழைகளுக்கு எட்டாது என்று, அங்கே ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தானும் என்ஜினீயர்களும் சொந்தமாக ஒன்று செய்ய முனைந்தார்கள். லேசான காரியமா? இருதயம் நாளொன்றுக்கு லட்சம் தடவை துடிக்கிறது. வருஷத்துக்கு மூன்றரைக் கோடிக்கு மேல். அத்தனை தடவையும் வால்வு திறந்து மூட வேண்டும். தேயக் கூடாது, ரத்தத்தை உறைய வைக்கக் கூடாது.

முதல் மாதிரி தோற்றது. அடுத்ததில் செயற்கை நீலக்கல்லால் தட்டு வைத்தார்கள். (இந்த இடத்தில் பெண்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்!) கல் தேயவில்லை, அதைத் தாங்கிய டைட்டானியம் தேய்ந்தது. உலோகத்தை மாற்றினார்கள், கல்லே உடைந்தது. நாலாவது மாதிரியில் உறுதியான பாலிஎதிலீன் தட்டு, கோபால்ட் கலந்த உலோகச் சட்டம், தைப்பதற்குப் பாலியெஸ்டர் துணி விளிம்பு. 1990 டிசம்பரில் அது முதன்முதலாக ஒரு மனித இருதயத்தில் ஏறியது. அப்புறம் பல்லாயிரம் பேருக்கு!

ஒரு வருஷம், அதிகம் பேசாத பெண் ஒருத்தி எழுந்தாள். அவள் தாயாருக்கு வால்வு ஆபரேஷன் ஆகியிருந்தது எனக்குத் தெரியும்.

"டீச்சர், முதல் மாதிரியையே 'நன்றாயிருக்கிறது' என்று சொல்லி வைத்திருந்தால்?"

வகுப்பு கப்சிப். அன்று எந்த நோட்டிலும் பக்கம் குறையவில்லை.

உங்கள் குழந்தையின் நோட்டில் கிழித்த அடையாளம் கண்ணில் பட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று மட்டும் கேளுங்கள்.