திருவாதிரை கழிந்து வருகிறேன் என்றவள்

மார்கழித் திருவிழாவுக்குச் சுசீந்திரத்தில் கொடியேறிவிட்டால் பத்து நாளும் எங்கள் வீட்டில் மீன் கிடையாது. மணக்குடியிலிருந்து கடவம் சுமந்து வரும் அக்காவுக்கு இது அத்துப்படி. கொடியேற்றத்துக்கு முந்தின நாள் சாளையைக் கூறு வைத்துவிட்டு, "திருவாதிரை கழிஞ்சு வாறேன் மக்களே" என்று சும்மாட்டைச் சுருட்டி வைப்பாள். அவள் வீட்டிலும் அப்போது கிறிஸ்துமஸ் வேலை நடக்கும். சாளைச் செதில் ஒட்டிய அந்தக் கையால் அம்மாவிடம் முறுக்கு வாங்கிப் போவாள்.

2004-இல் திருவிழாவின் கடைசி நாட்களும் கிறிஸ்துமசும் ஒட்டி வந்தன. டிசம்பர் 26, ஞாயிறு, பௌர்ணமி. ஊர் முழுக்கக் கூட்டம். அந்தக் கூட்டத்துக்குள்தான் "மணக்குடியில கடல் ஏறிட்டு" என்ற பேச்சு வந்தது. தாணுமாலயன் கோயில் பக்கமாக ஓடும் பழையாறு மணக்குடியில்தான் கடலில் சேர்கிறது. மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் சேர்த்திருந்த பாலத்தை அலை பெயர்த்துக் காயலுக்குள் தள்ளிவிட்டது. பிறகு ராணுவம் இரும்புப் பாலம் போட்டது. இப்போதிருக்கும் பாலத்துக்குக் காமராஜர் அமைச்சரவையில் இருந்த லூர்தம்மாள் சைமன் பெயர். நல்ல பாலம்தான். ஆனாலும் அந்த வழியாகக் கடவம் தூக்கி வந்தவள் திருவாதிரை கழிந்தும் வரவில்லை. அவள் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. மீன்காரி அக்கா, அவ்வளவுதான்.

கன்னியாகுமரியில் சுனாமி நினைவுச்சின்னம் இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் அதன் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கடற்கரை ஊர்களின் நினைவு வேறு மாதிரி. 199 பேரைப் பறிகொடுத்த கொட்டில்பாட்டிலும், குளச்சலிலும், மணக்குடியிலும் செத்தவர்களைப் பெட்டி பார்த்து, தனிக்குழி வெட்டி அடக்க நேரமில்லாமல் ஒன்றாகப் புதைத்தார்கள். ஆண்டுதோறும் டிசம்பர் 26-இல் அந்தக் கல்லறைகளில் பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, திருப்பலி வைக்கிறார்கள். அன்றைக்கு வள்ளம் கடலுக்குப் போவதில்லை. அன்றாடம் கடலை நம்பிப் பிழைப்பவன் ஒருநாள் வருமானத்தை விடுவதைவிடப் பெரிய மரியாதை எந்தத் தூணிலும் இல்லை என்பேன்.

எங்கள் ஊரிலோ அந்த நாள் சில ஆண்டுகளில் திருவிழா அமளியிலேயே போய்விடும். மணக்குடி ஒன்றும் தூரமில்லை, ஆற்றின் போக்கிலேயே போனால் வந்துவிடும். அடுத்த மார்கழியில் தேர் பார்க்க வருகிறவர்கள் அந்தக் கல்லறைக்கும் ஒரு முழம் பூ வாங்கிப் போங்கள்.