சில்லரின் இரைச்சலும் தகரப் பெட்டியும்

தரவு மையத்துக்கு வெளியே கேட்கும் இரைச்சலில் பெரும்பங்கு குளிரூட்டும் கருவிகளுடையது. உள்ளே கணினிகள் வாங்கும் மின்சாரம் கடைசியில் முழுவதும் வெப்பமாகிறது. அதை வெளியேற்றத்தான் கூரையில் சில்லர்களும் கூலிங் டவர்களும் ஓடுகின்றன. குளிர் நாடுகளில் பனிக்காலம் வந்தால் வெளிக்காற்றைக் கொண்டே வேலையை முடித்துக்கொண்டு சில்லரை நிறுத்திவைக்கலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் விடியற்காலையில்கூட வெப்பம் 23 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்குவது அரிது. காற்றில் ஈரமும் அதிகம். இங்கே சில்லருக்கு ஓய்வில்லை. தீபாவளிக்கும் இல்லை, நோன்புப் பெருநாளுக்கும் இல்லை.

இந்தப் பள்ளத்தாக்கில் தரவு மையங்கள் அடர்ந்திருக்கும் இடம் சைபர்ஜெயா. 1996-இல் தொடங்கிய மல்டிமீடியா சூப்பர் காரிடார் திட்டத்தின் நகரமாக 1997-இல் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்கு முன் அது தோட்டக்காடு. அண்டையில் புத்ராஜெயா எழுந்த நிலம் பிராங் புசார் ரப்பர் தோட்டம். அங்கும் சுற்றுத் தோட்டங்களிலும் பால்மரம் சீவிய தமிழ்க் குடும்பங்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. தோட்டத் தொழிலாளரை வேலைக்கு அழைத்த பெரட்டுக்கள மணி ஒலித்த வட்டாரத்தில் இன்று சில்லர்கள் இரைகின்றன. கோலாலம்பூர் நடுவே சங்காட் ராஜா சூலானில் இருப்பதுபோல உயர்ந்த கட்டடங்களுக்குள்ளும் தரவு மையங்கள் உண்டு. நகரத்துக்குள் கூரையின் ஒலி எதிர்க்கட்டடத்தின் மேல்மாடிக்குத் தடையின்றிப் போய்ச் சேரும். தரையில் நடப்பவருக்கு அது தெரியாது.

ஒலி ஒரே வகை அன்று. மின்விசிறி எழுப்புவது அகன்ற இரைச்சல். அதற்குள் இறக்கைகள் வெட்டும் சீரான ஒரு சுருதியும் இருக்கும். கம்ப்ரசரின் ஒலி கூர்மையான ஊளை. மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டிரான்ஸ்ஃபார்மர் 100 ஹெர்ட்ஸில் முனகும். ஜென்செட் எனும் மின்னாக்கி மின்தடையின்போதும் சோதனை ஓட்டத்தின்போதும் மட்டுமே ஓடும். ஓடும்போது மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். சீரான ஒற்றைச் சுருதிதான் மனிதரை அதிகம் வாட்டுகிறது. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் சாண்ட்லர் நகரில் ஒரு தரவு மையத்தின் ஓயாத ரீங்காரத்தை எதிர்த்துக் குடியிருப்பாளர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். 2022-இல் அந்நகர சபை, தரவு மையம் கட்டுவோர் ஒலி ஆய்வு செய்தாக வேண்டும் என்று விதி இயற்றியது.

டெசிபெல் கணக்கு சாதாரணக் கூட்டல் அன்று. ஒரே அளவு ஒலிக்கும் இரண்டு சில்லர்கள் சேர்ந்தால் 3 டெசிபெல் கூடும். பத்து சேர்ந்தால் 10 கூடும். அந்தப் பத்து டெசிபெல்லைக் காது ஏறத்தாழ இருமடங்கு இரைச்சலாக உணரும். மலேசியச் சுற்றுச்சூழல் துறை 2007-இல் வெளியிட்ட வழிகாட்டி, புறநகர்க் குடியிருப்புக்குப் பகலில் 55, இரவு பத்து மணியிலிருந்து காலை ஏழு வரை 45 டெசிபெல் என்று எல்லை வகுத்தது. 2019-இல் அது திருத்தி வெளியிடப்பட்டது.

இரைச்சலை அது பிறக்கும் இடத்திலேயே குறைப்பதுதான் முதல் வழி. மின்விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் ஒலி சுமார் 15 டெசிபெல் குறையும், காற்றும் பாதியாகும், மின்செலவோ எட்டில் ஒரு பங்காகிவிடும். ஒரு விசிறிக்குப் பதில் இரண்டை அரை வேகத்தில் ஓட்டினால் அதே காற்று கிடைக்கும், 12 டெசிபெல் குறைவாக, கால்வாசி மின்சாரத்தில். இவ்வளவு தெளிவான ஆதாயம் பொறியியலில் அடிக்கடி வாய்ப்பதில்லை. ஆனால் கட்டடம் வரையும்போதே கூரையில் இடம் ஒதுக்கியவருக்குத்தான் இது கிட்டும்.

இடம் ஒதுக்காத கட்டடத்தைக் காப்பாற்ற வருபவர் தகர வேலைக்காரர். அவர் செய்யும் சைலன்சர் பார்ப்பதற்கு வெறும் தகரப் பெட்டி. அதற்குள் இடைவெளி விட்டு நிறுத்திய தடுப்புப் பலகைகள் உண்டு. ஒவ்வொரு பலகையும் ஜி.ஐ. தகரச் சட்டம், முகப்பில் துளையிட்ட தகடு, உள்ளே ராக்வூல் எனும் பாறையிழை, இரண்டுக்கும் நடுவில் மெல்லிய கண்ணாடியிழைத் துணி. அந்தத் துணி இல்லையென்றால் காற்று ராக்வூலைச் சிறிது சிறிதாகப் பிய்த்துக்கொண்டு போய்விடும். காற்று முதலில் மோதும் விளிம்பை வட்டமாக வளைக்க வேண்டும். கூராக விட்டால் சைலன்சரே சீறத் தொடங்கும்.

பலகைகளை நெருக்கினால் ஒலி நன்றாக அடங்கும், காற்று திணறும். காற்று திணறினால் சில்லரின் வெப்பம் ஏறும், விசிறி வேகமாகச் சுழலும், அடக்க வந்த ஒலி மீண்டும் எழும். தாழ்ந்த சுருதிக்கு மெல்லிய பலகை பயன்படாது: 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 3.4 மீட்டர்.

கைத்திறன் தெரியும் இடம் ராக்வூலை நிரப்புவதில். தளர்வாக நிரப்பினால் சில மாதங்களில் அது கீழே அமர்ந்து, மேலே வெற்றிடம் விழும். கூலிங் டவர் அருகே நீர்த்துளி பட்டு நனைந்தால் ஒலியை உறிஞ்சாது. மெல்லிய பிளாஸ்டிக் தாளில் பொதிந்தே வைக்க வேண்டும். ராக்வூலைக் கல்நார் என்று நினைத்து அஞ்சுவோர் உண்டு. கல்நார் வேறு, உருக்கிய பாறையிலிருந்து இழுக்கும் இந்த இழை வேறு. ஆனாலும் இதன் நார் தோலில் ஏறினால் நாள் முழுதும் அரிக்கும். முழுக்கைச் சட்டையும் முகக்கவசமும் வேண்டும்.

கடைசி வேலை ஓட்டை தேடுவது. கருவிகளைச் சுற்றி எழுப்பும் சுவரின் பரப்பில் நூறில் ஒரு பங்கு ஓட்டை இருந்தால் அது எவ்வளவு கனத்த சுவரானாலும் 20 டெசிபெல்லுக்கு மேல் தடுக்காது. பைப் நுழையும் துளையும் கதவின் அடிவிளிம்பும் பல லட்சம் ரிங்கிட் செலவைப் பாழாக்கும். சில்லரைத் தாங்கும் ஸ்பிரிங்கும் அப்படித்தான். அதன் அடியில் ஒரு சிமெண்டுக் கட்டி சிக்கிக்கொண்டால் அதிர்வு நேரே கட்டடத்துக்குள் இறங்கிவிடும்.

இத்தனையும் மதிலுக்கு வெளியே வாழ்பவருக்காக. உள்ளே நிற்பவரின் காதுக்கு வேறு சட்டம் இருக்கிறது. 2019-இன் தொழிலிட இரைச்சல் விதிமுறை எட்டு மணி நேரச் சராசரியை 85 டெசிபெல்லில் நிறுத்துகிறது. 1989-இன் பழைய விதி 90 வரை விட்டிருந்தது. ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் ஒலியின் ஆற்றல் இருமடங்காவதால் நிற்கக்கூடிய நேரம் பாதியாகும்: 88-க்கு நான்கு மணி, 91-க்கு இரண்டு மணி, 100-க்குக் கால்மணி. ஓடும் ஜென்செட்டின் அருகே 100 டெசிபெல்லைத் தாண்டுவது சாதாரணம். காதடைப்பான் இல்லாமல் நிற்கக்கூடிய அந்தக் கால்மணி நேரத்தில் அங்கே சோதனை முடிவது அரிது.

எல்லையைத் தாண்டிய இடத்தில் வேலை செய்பவருக்கு முதலாளி செவித்திறன் சோதனை நடத்த வேண்டும். நடைமுறையில் இது குத்தகை அடுக்குகளில் காணாமல் போகிறது. கட்டட உரிமையாளர் பெரிய நிறுவனத்திடம் தருகிறார். அது இன்னொருவரிடம், அவர் மற்றொருவரிடம். ஒவ்வொரு கையும் தன் பங்கை எடுத்துக்கொள்ள, கடைசியில் இருக்கும் சிறு குத்தகைக்காரர் வெட்டக்கூடிய செலவு காதடைப்பானும் சோதனையும்தான். எல்லைச் சுவரருகே மீட்டர் வைத்து அளக்கிறார்கள், ஏனென்றால் அங்கே புகார் வரும். உள்ளே இருக்கும் இளைஞன் புகார் செய்தால் அவனுக்கு மறுநாள் வேலை இருக்காது. அண்டை வீட்டின் தூக்கத்துக்குச் செலவிடும் நிறுவனம் தன் ஜென்செட் அறையில் நிற்பவனின் காதுக்குக் கணக்குப் பார்ப்பது அநீதி. குத்தகை கைமாறியதால் பொறுப்பும் கைமாறிவிட்டது என்பதை ஏற்க முடியாது.

இரைச்சலால் வரும் செவிக்குறைவு வலிப்பதில்லை, திரும்புவதுமில்லை. அது முதலில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே விழும். ச, ஸ, த போன்ற ஒலிகள் மங்கும். கூட்டத்தில் பேச்சுக் கேட்கும், சொல் பிடிபடாது. பெர்கேசோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ இதைத் தொழில்நோயாக ஏற்று இழப்பீடு தருகிறது. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளரும் அதன் காப்புக்குள் வருகிறார்கள். ஆனால் கோருவதற்குப் பழைய பதிவு வேண்டும். சில்லர், ஜென்செட் வேலைக்குப் போகும் ஒவ்வொருவரும் சேர்ந்த வாரத்திலேயே செவித்திறன் சோதனையைக் கேட்டு, அதன் நகலை வீட்டில் பத்திரப்படுத்த வேண்டும்.