செந்தூர் முதல் குமரி வரை – கடலோரத் திருவழி

தருமபுரி மாவட்டம் கம்பைநல்லூரில் கோயில் கொண்டுள்ள தேசிநாதேசுவரர் சந்நிதியில் கற்பூரம் ஏற்றிவிட்டு, சென்ற மாசியில் ஒரு மாலைப் பொழுதில் வேன் ஒன்று தெற்கு நோக்கிப் புறப்பட்டது. அதில் பதினான்கு பேர். எழுபத்தாறு வயதுப் பெரியவர் ஒருவர், மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கையை மடியிலேயே வைத்திருந்தார். அவருடைய துணைவியார் திசையன்விளைப் பக்கத்தில் பிறந்தவர். உவரி சுயம்புலிங்க சுவாமிக்குப் பதினொரு பெட்டி மண் சுமப்பதாக நேர்ந்துகொண்டவர். அது நிறைவேறாமலே இரண்டு ஆண்டுகளுக்கு முன் சிவபதம் அடைந்தார்.

சேலம், கரூர், மதுரை, தூத்துக்குடி என இரவெல்லாம் ஓடிய வண்டி, விடியும் வேளையில் திருச்செந்தூரை அடைந்தது. தென்பெண்ணைக் கரையின் மக்களுக்குக் கடலின் இரைச்சலே முதல் தரிசனம். 2025 ஜூலை 7-ஆம் நாள் குடமுழுக்குக் கண்ட திருக்கோயில் அலைகளின் விளிம்பிலேயே நிற்கிறது. ஒன்பது நிலை இராசகோபுரமோ மேற்கே உள்ளது. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர் கவர்ந்து சென்ற திருமேனிகள் புயலின்போது கடலில் இடப்பட்டன என்பதும், கருடன் வட்டமிட்ட இடத்தில் எலுமிச்சம்பழம் மிதக்கக் கண்டு 1653-இல் வடமலையப்ப பிள்ளை அவற்றை மீட்டார் என்பதும் தலவரலாறு.

அண்மைக் காலத்தில் இக்கரையைக் கடல் அடிக்கடி அரித்துப் பள்ளமாக்குகிறது. முதியோர் தனியே அலையில் இறங்குவது தகாது. காலை நனைத்துத் தலையில் நீர் தெளித்துக்கொண்டாலே போதும். முருகன் கணக்குப் பார்ப்பவன் அல்லன். பின்னர் நாழிக்கிணற்றில் நீராடலாம். கிணற்றுக்குள் கிணறாய் அமைந்த அச்சிறு ஊற்றில், கடலுக்கு இத்தனை அருகிலும் நன்னீர் சுரக்கிறது. வள்ளி குகையைத் தாங்கும் மணற்பாறையைத் தொட்டுப் பார்த்தால், உப்புக்காற்று அதை எவ்வாறு அரித்திருக்கிறது என்பது விரல்களுக்கே தெரியும்.

அங்கிருந்து தெற்கே செல்லும் சாலை பனங்காடுகளுக்கும் செம்மணல் தேரிகளுக்கும் கடலுக்கும் இடையே நெளிகிறது. குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன், தசராவில் வேடமிட்டு வரும் கூட்டத்தை நாடே அறியும். அடுத்து மணப்பாடு. கடலுக்குள் நீண்டு நிற்கும் மணற்குன்றும், அதன்மேல் தேவாலயமும், அடியில் மோதிச் சிதறும் அலைகளும் காண்போரை நிறுத்திவிடும். ஓட்டுநர் சொல்லாமலே வண்டியை நிறுத்தினார்.

உவரியை அடைந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பால் கொண்டு சென்றவர் நாள்தோறும் ஒரே இடத்தில் இடறி விழுந்தார். காரணமான கடம்ப வேரை வெட்டியபோது குருதி பெருகிற்று. சந்தனம் அரைத்துப் பூச நின்றது. அவ்விடத்தில் வெளிப்பட்ட இறைவனே சுயம்புலிங்கர். மார்கழியில் காலைக் கதிர்கள் லிங்கத்தின்மேல் படும் என்பர். கடலிலிருந்து ஓலைப்பெட்டியில் மண் எடுத்துத் தலையில் சுமந்து வந்து, கோயிலின் முன் குவிப்பது இங்குள்ள நேர்த்திக்கடன். பதினொன்று, நாற்பத்தொன்று என அவரவர் நேர்ந்த அளவு.

பெரியவருக்கு முழங்கால் வலி. மூன்றாவது பெட்டியிலேயே மூச்சு வாங்கியது. மகன் பெட்டியைப் பற்றிக்கொண்டார்.

“அப்பா, நீங்கள் நிழலில் உட்காருங்கள். மீதியை நான் சுமக்கிறேன்.”

“நேர்ந்தவள் உன் அம்மா. நீ சுமந்தாலும் அவள் கணக்கில்தான் சேரும். கடைசிப் பெட்டியை மட்டும் எனக்கு விட்டுவிடு.”

ஏழு முறை மகன் நடந்தார். பதினோராவது பெட்டியில் பாதியளவே மண் இருந்தது. மகன் அறிந்தே குறைத்திருந்தார். பெரியவர் அதைப் பார்த்தார். பெட்டியைக் கீழே வைத்து, இரு கைகளாலும் மண்ணை அள்ளி விளிம்பு வரை நிரப்பிய பின்னரே தலையில் ஏற்றினார். மஞ்சள் முடிச்சு உண்டியலில் சேர்ந்தது.

கூடங்குளத்துக் காற்றாலைகளைக் கடந்து குமரியை அடைய மாலையாயிற்று. 1970-இல் எழுந்த விவேகானந்தர் நினைவு மண்டபத்தையும், 133 அடி வள்ளுவர் சிலையையும் கரையிலிருந்தே கண்டனர். படகுத்துறை வரிசை முதியோருக்கு நெடியது; காலையில் முதலில் சென்று நிற்பதே நலம். பகவதி அம்மனின் மூக்குத்தி ஒளியைத் தரிசித்து வெளியே வந்தபோது, கதிரவன் கடலில் இறங்கிக்கொண்டிருந்தான். எல்லாரும் மேற்கே பார்த்து நின்றனர். பெரியவர் மட்டும் பாறையில் அமர்ந்து, வேட்டி மடிப்பில் ஒட்டியிருந்த உவரி மண்ணை ஒரு தாளில் உதறிப் பொதிந்துகொண்டிருந்தார்.