ஒப்பாரிக் கோச்சி

இலங்கையின் மலைநாட்டில் ரயிலுக்குக் கோச்சி என்று பேர். தாயகம் திரும்புவோராகப் பதிவான குடும்பங்களை மலையிலிருந்து தலைமன்னாருக்கு ஏற்றிப் போன கோச்சிக்குத் தோட்டத்து மக்கள் தனிப்பேர் வைத்திருந்தார்கள்: ஒப்பாரிக் கோச்சி. வழியனுப்ப வந்தவர்களும் பெட்டிக்குள் இருந்தவர்களும் சாவு வீட்டில் அழுவதுபோல ஜன்னல் வழியே கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். உள்ளே இருந்த பிள்ளைகளிடம், "ஊருக்குப் போறோம்" என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் ஒரு நாளும் பார்த்திராத ஊர் அது.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு போட்டது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சமிருந்த ஒன்றரை லட்சத்தை 1974இல் இந்திரா காந்தி காலத்தில் சரிபாதியாகப் பிரித்தார்கள்.

எண்ணிக்கை தெரிந்த பலருக்கு, அது வீட்டுக்குள் எப்படி இறங்கியது என்பது தெரிவதில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒற்றைக் காம்பராவில் பாட்டி, மூத்த மகன், அவன் மனைவி மக்கள். அடுத்த காம்பராவில் இளைய மகன் குடும்பம். அத்தை, தோட்டத்தின் பக்கத்து டிவிஷனில். லயத்துப் பிள்ளைக்கு இவ்வளவு பேரும் சேர்ந்ததுதான் குடும்பம். அரசாங்கத்தின் விண்ணப்பத்தில் அது கணவன், மனைவி, வயது வராத பிள்ளைகள் என்று சுருங்கிவிட்டது. மூத்தவர் இந்தியாவுக்கு எழுதிப்போட்டிருப்பார், தம்பி இலங்கைப் பிரஜாவுரிமைக்கு. இருவரில் யாருக்கு எப்போது பதில் வரும் என்று யாருக்கும் தெரியாது. கண்டியிலிருந்த இந்திய அலுவலகத்தின் கடிதம் ஒரு நாள் வரும். தோட்டத்துத் தொழிலாளர் பதிவேடான செக்ரோலில் பேர் வெட்டுவார்கள். சித்தப்பா பிள்ளையோடு ஒரே பாயில் படுத்த பிள்ளை, கோச்சியில் ஏறும்.

பிறந்த தேதிக்கும் இதில் வேலை இருந்தது. ஒப்பந்த நாளுக்குப் பின் பிறந்த குழந்தைகள், 'இயற்கைப் பெருக்கம்' என்ற தனிக் கணக்கில் சேர்ந்தார்கள். 1962இல் பிறந்த அண்ணன் ஒரு பத்தியில், 1966இல் பிறந்த தங்கை வேறொரு பத்தியில். பெற்றோரோடுதான் போனார்கள், உண்மை. ஆனால் ஒரு குழந்தையை இப்படி எண்ணத் தோன்றிய மனம், பாட்டியின் மடியை எந்தப் பத்தியில் எழுதியிருக்கும்?

தலைமன்னாரிலிருந்து கப்பல், பிறகு ராமேஸ்வரம், மண்டபம் முகாம். இதே மண்டபத்தில்தான் வெள்ளைக்காரர் காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளை நிறுத்தி நோய் சோதித்து அனுப்பினார்கள். பாட்டனும் பூட்டனும் போன வாசல் வழியாகப் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். திரும்பி வந்தவர்களுக்குத் தரப்பட்ட ஆவணத்தின் பேர் குடும்ப அட்டை. உறவில் பாதியைக் கடலுக்கு அந்தப் பக்கம் விட்டு வந்தவர்களின் கையில் அந்தப் பேரோடு ஓர் அட்டை.

சிலருக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் கிடைத்தது. அவர்களுக்காகவே 1968இல் தொடங்கப்பட்டதுதான் பின்னாளில் டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) ஆனது. பலருக்கு வியாபாரக் கடன் கொடுத்துச் சமவெளிக்கு அனுப்பினார்கள். கொழுந்து பறிக்க மட்டுமே தெரிந்த கைக்கு என்ன வியாபாரம்? கடன் கரைந்தது, குளிரும் தேயிலையும் தேடிக் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் கொடைக்கானலுக்கும் ஏறினார்கள். இலங்கையில் 'கள்ளத்தோணி' என்று ஏச்சு வாங்கியவர்களின் பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடத்தில் 'சிலோன்கார'ப் பிள்ளைகள்.

கொஞ்ச காலம் கடிதம் போய் வந்தது. 1983 கலவரம், போர், 1984இல் கப்பலும் நின்றது. பாட்டி செத்த சேதி, கருமாதி முடிந்து வெகு நாள் கழித்துத்தான் வந்து சேரும்.

கடிதம் அறுந்து போனதற்கு இன்னொரு சிறிய காரணமும் உண்டு. மலைநாட்டுத் தோட்டங்களுக்கு இரண்டு பேர். பதிவேட்டில் வெள்ளைக்காரன் வைத்த பேர்; தொழிலாளர் வாயில் ஒரு தமிழ்ப் பேர். பிள்ளைகளுக்குத் தெரிந்தது தமிழ்ப் பேர் மட்டும். அப்பா உயிரோடு இருந்தவரை உறையில் மற்ற பேரை எழுதினார். அவருக்குப் பின் முகவரி எழுத ஆளில்லை.

இன்று அந்தப் பிள்ளைகளில் பலருக்கு அறுபது வயது, அதற்கும் மேலே. அப்படி ஒருவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், உட்கார்ந்து கேளுங்கள்: தோட்டத்தின் இரண்டு பேர்களும் என்ன, எந்த டிவிஷன், எந்த லயம், அங்கே நின்றுவிட்டவர்கள் யார் யார். பழைய குடும்ப அட்டையும் பாஸ்போர்ட்டும் பெட்டியில் கிடந்தால் அவற்றைப் பார்த்து எழுதி வையுங்கள். அந்தப் பக்கமும் ஒருவர் இதே கேள்வியோடு இருக்கலாம். தேடுவதற்கு முதலில் ஒரு முகவரி வேண்டும்.