அரைப் பவுன் குண்டு

"எலியைச் சுடறதுக்காடா உன்னை அமெரிக்காவுக்கு அனுப்பினோம்?"

அம்மா போனில் இப்படிக் கேட்டதும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. எலி இல்லைம்மா, 'பிரெய்ரி டாக்' என்று பேர், நிலத்தில் வளை தோண்டி வாழ்கிற ஒருவகை அணில், ஒரு கிலோ தேறும், நாய் மாதிரி குரைக்கும் என்றெல்லாம் விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வளை தோண்டினா எலிதான். பொறி வாங்கி வை" என்று முடித்துவிட்டாள்.

விஷயம் இதுதான். 2019-ம் வருஷம் ஜூன் மாதம். டென்வரில் ஓர் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். பக்கத்து ஸீட்டில் ரிட்டயராக இரண்டு வருஷமே பாக்கியிருந்த ஓர் அமெரிக்கர். பேர் வேண்டாம், 'துரை' என்று வைத்துக்கொள்வோம். ஆபீஸில் பரம சாது. ஸ்டேப்ளரைக்கூடச் சத்தம் வராமல் அழுத்துவார். அப்பேர்ப்பட்டவர் ஒரு வெள்ளிக்கிழமை, "நாளைக்கு எங்க வீட்டு கராஜுக்கு வா, தோட்டா தயார் பண்றேன்" என்றார். (அவர் பேசியது இங்கிலீஷில்தான். நம் பாஷையில் தருகிறேன்.)

போனேன். நான் எதையும் தொடவில்லை. என்னைப் போலத் தற்காலிக விசாவில் இருப்பவன் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்கச் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. என்னிடம் இருந்ததோ டிரைவிங் லைசென்ஸ் ஒன்றுதான். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஒரு தோட்டாவில் நான்கே நான்கு சமாச்சாரம்தான். பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி கிளப்பும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்ட பிறகு கூடு மிஞ்சும். அதைச் சுத்தம் செய்து, மற்ற மூன்றையும் புதிதாகப் போட்டு, மறுபடி தோட்டா ஆக்குகிறார்கள். கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று கேட்டேன்.

"உனக்கு ரெடிமேட் சட்டை சரியா இருக்கா?"

"தோள்ல கொஞ்சம் தொங்கும் சார்."

"அதே கதைதான். நான் தையல்காரன்."

மருந்தை ஒரு குட்டித் தராசில் நிறுத்தார். அளவு 'கிரெயின்' கணக்கில். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். நம்ம ஊர் ஆசாரி தங்கம் நிறுத்த குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெயின். எத்தனை கிரெயின் மருந்து போட்டார் என்று மட்டும் நான் சொல்லப் போவதில்லை. அது துப்பாக்கிக்குத் துப்பாக்கி, குண்டுக்குக் குண்டு மாறும். அச்சிட்ட கையேட்டைப் பார்த்து, குறைந்த அளவில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு போக வேண்டும். பிரைமர் தட்டையாக நசுங்கினாலோ, சுட்ட பிறகு போல்ட் திறக்க முரண்டு பிடித்தாலோ அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். உடனே இறங்கிவிட வேண்டும். இன்னொருத்தன் கணக்கைக் காப்பியடித்தால் பரீட்சையில் மார்க்தான் போகும். இதில் விரல் போகும்.

அடுத்து குண்டு. மேஜையில் இரண்டு டப்பா. ஒன்றில் 55 கிரெயின் குண்டு. நம் கணக்கில் மூன்றரை கிராம், அரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறைச்சல். இன்னொன்றில் 75 கிரெயின். அரைப் பவுனுக்கு மேலே, கிட்டத்தட்ட ஐந்து கிராம். இரண்டும் ஒரே பருமன்தான். கனமானது நீளமாக, ஒல்லியான மூக்கோடு இருந்தது.

துரையிடம் இரண்டு ரைஃபிள். இரண்டுமே '.22-250' ரகம். ஆர்வலர்கள் தாங்களாகவே செய்து சுட்டுக்கொண்டிருந்ததை, ரெமிங்டன் கம்பெனி 1965-ல் கடைச்சரக்காக்கியது. பழைய துப்பாக்கியின் குழலுக்குள் இருக்கிற புரி 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றும். புதியதில் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று.

"பழசுல இந்த நீளக் குண்டைப் போட்டா என்ன ஆகும்?" என்றேன்.

துரை ஒரு பழைய காகித இலக்கை எடுத்துக் காட்டினார். வட்ட ஓட்டைக்குப் பதிலாக, சாவித் துவாரம் மாதிரி நீளமாக ஒரு கிழிசல். குண்டு குப்புற விழுந்து, பக்கவாட்டில் போய் இடித்திருக்கிறது!

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. பம்பரம்! சாட்டையை வேகமாக இழுத்தால் பம்பரம் நிமிர்ந்து நிற்கும். சோம்பலாக இழுத்தால் தள்ளாடிச் சாயும். குண்டும் சுழன்றால்தான் மூக்கு முன்னால் இருக்கும். குண்டு நீள நீள, சுழற்சியும் வேகமாக வேண்டும். கவனிக்க வேண்டியது எடையைவிட நீளம். இதற்கு 1879-லேயே கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித நிபுணர் சூத்திரம் எழுதிவிட்டாராம். எங்கள் தெருப் பையன்களுக்குச் சூத்திரம் இல்லாமலே தெரிந்திருந்தது.

அந்த ராத்திரி நான் சும்மா இருக்கவில்லை. ஆபீஸ் புத்தி! எக்ஸெலைத் திறந்து கணக்குப் போட்டேன். லேசான குண்டு குழலை விட்டுக் கிளம்பும்போது செகண்டுக்கு 3,680 அடி வேகம். கனமானது 3,200 அடிதான். ஜெயிப்பது யார்? நான் லேசானதன் மேல் பந்தயம் கட்டியிருப்பேன். ஆனால் 400 கெஜ தூரத்தில் லேசான குண்டின் வேகம் 2,220-க்கு இறங்கிவிடுகிறது. கனமானது 2,430-ல் ஓடுகிறது! பயண நேரம் முன்னதுக்கு 0.42 செகண்ட், பின்னதுக்கு 0.43. முயல்-ஆமை கதையேதான். கனமான, கூர்மூக்குக் குண்டு காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. லேசானது காற்றோடு மல்லுக்கட்டியே களைத்துவிடுகிறது.

அதைவிட முக்கியம் பக்கக் காற்று. மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்கே காற்று அடித்தால், 400 கெஜத்தில் 55 கிரெயின் குண்டு சுமார் 17 அங்குலம் ஒதுங்கும். 75 கிரெயின் 10 அங்குலம்தான் ஒதுங்கும். நிமிர்ந்து நிற்கிற பிரெய்ரி டாகின் அகலமோ நாலு அங்குலம்.

"அப்புறம் என்ன சார், எல்லாத்துக்கும் 75-ஐயே போட வேண்டியதுதானே?" என்று எக்ஸெலைக் காட்டினேன்.

துரை சிரித்தார். "காத்து எக்ஸெல் படிக்காதே. அப்புறம் இன்னொண்ணு. 55 மெல்லிசு உறை போட்டது. மூக்குல பிளாஸ்டிக் முனை. பட்டதும் தூள் தூளாயிடும். பிராணி அவஸ்தைப்படாது. தரையில பட்டாலும் பெரும்பாலும் எகிறாது. 75 போட்டிக்குன்னு செஞ்சது. அது அப்படிச் சிதறும்னு யாரும் உத்தரவாதம் தரமாட்டான். பின்னால மண்மேடு இருந்தாத்தான் அதைச் சுடுவேன்."

ஆக, குண்டு வாங்கும்போது நாலு பேரைக் கேட்க வேண்டும். குழலைக் கேட்க வேண்டும், காற்றைக் கேட்க வேண்டும், சாகப் போகிற பிராணியைக் கேட்க வேண்டும், அதற்குப் பின்னால் இருக்கிற மண்ணைக் கேட்க வேண்டும். கடைசியாகத்தான் நம் ஆசை.

மறு வாரம் வயோமிங் மாநிலத்துக்குக் கிளம்பினோம். வழியில் 'ஷையான்' என்று ஓர் ஊர். இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கைத் தூக்கக் கலக்கத்தில் பார்த்தால் 'சென்னை' போலவே இருக்கும். போர்டைப் பார்த்துவிட்டு ஒரு கணம் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வீட்டு ஞாபகம்!

பண்ணைக்காரரிடம் அனுமதி வாங்கி, மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில் மேஜை போட்டோம். கண்ணுக்கெட்டிய தூரம் மேடு மேடாக வளைகள். ஒவ்வொரு மேட்டிலும் வாட்ச்மேன் மாதிரி ஒன்று நிமிர்ந்து நின்றது. மாடு தின்ன வேண்டிய புல்லை இவை தின்கின்றன என்பது பண்ணைக்காரரின் புகார். என் வேலை தொலைநோக்கியில் பார்த்துக் காற்றைச் சொல்வது. தூரத்தை லேசர் கருவி சொல்லிவிடும். காற்றுமானியோ நாம் நிற்கிற இடத்துக் காற்றைத்தான் சொல்லும். வழியில் அடிக்கிற காற்றைப் புல் சாய்வதைப் பார்த்தும், கானல் அலை எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்த்தும் நாமே எடை போட வேண்டும்.

காலையில் புதுத் துப்பாக்கி, 75 கிரெயின், பின்னால் சரிவு. நான் சொன்னேன், அவர் சுட்டார். குறி தப்பவில்லை. எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. பதினோரு மணிக்குக் குழல் சுட்டது. சூடான குழலில் தொடர்ந்து சுட்டால் உட்புறம் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று அதை ஆற வைத்தார். தோட்டா டப்பாவையும் நிழலுக்கு நகர்த்தினார். வெயிலில் காய்ந்த மருந்து அழுத்தத்தை ஏற்றிவிடுமாம். பழைய துப்பாக்கியை எடுத்தார். 55 கிரெயின்.

"நானூறு கெஜத்துல ஒண்ணு நிக்குது சார்!"

"இதுக்கு அது தூரம். காத்து எவ்வளவு?"

அந்த நேரம் கானல் தெளிவாகத் தெரியவில்லை. 'தெரியலை சார்' என்று சொல்லியிருக்கலாம். மீட்டிங்கில் என்றைக்காவது 'தெரியாது' என்று சொல்லியிருக்கிறோமா நாம்?

"அஞ்சு மைல். கரெக்டா அஞ்சு. அடிங்க சார்!"

அடித்தார். ஏழு மைல் இருந்திருக்க வேண்டும். இரண்டு மைல் வித்தியாசத்துக்கு அந்தக் குண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் ஒதுங்கும். அடி நடுவில் விழவில்லை. சுத்தமாகத் தப்பவும் இல்லை. பின்னங்காலில் பட்டு, அந்தச் சின்ன ஜீவன் முன்கால்களால் மண்ணைப் பிறாண்டி, உடம்பை இழுத்துக்கொண்டு வளைக்குள் போனது. தொலைநோக்கியில் அறுபது மடங்கு பெரிசாக நான் பார்த்தேன். துரைக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது. கேட்டார். சொன்னேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் போல்டைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்தார். "நீ சொன்னே. ஆனா விசையை இழுத்தது நான். அரைமணி ஆறவிட்டா நல்ல குண்டு இருந்தது. அவசரப்பட்டேன்" என்றார். அரைமணி நேரம் அந்த வளையையே பார்த்துக் காத்திருந்தோம். அது மறுபடி வெளியே வரவில்லை. அன்றைக்கு அதற்கப்புறம் அவர் சுடவில்லை.

75-ஆக இருந்தால் அதே இரண்டு மைல் தப்புக்கு இரண்டு அங்குலம்தான் ஒதுங்கியிருக்கும். விளிம்பில் இல்லாமல் உடம்பில் பட்டிருக்கும். நல்ல குண்டு நம் தப்பைக் கொஞ்சம் மன்னிக்கும். அவ்வளவுதான். கண் பார்க்காததை அது பார்க்காது.

திரும்பும் வழியில் துரை வேறு கதையும் சொன்னார். பிரெய்ரி டாகையே பெரும்பாலும் தின்று வாழ்கிற 'கறுப்புக்கால் ஃபெரட்' என்ற பிராணி பூண்டோடு அழிந்தது என்று நினைத்திருந்தார்களாம். 1981-ல் இதே வயோமிங்கில் ஒரு பண்ணை நாய் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து போட, அப்புறம்தான் மிச்சம் இருப்பது தெரிந்தது. சுட்டுப்போட்ட பிராணியைக் கழுகு தின்றால் சிதறிய ஈயமும் அதன் வயிற்றுக்குள் போகும். அதனால்தான் கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது என்று சட்டம். "அடுத்த தடவை செம்புக் குண்டு பார்க்கணும்" என்றார். செம்பு ஈயத்தைவிட லேசு. அதே எடைக்கு நீளம் கூடும். நீளம் கூடினால் சுழற்சி கூட வேண்டும். மறுபடியும் பம்பரம்!

திங்கட்கிழமை மீட்டிங்கில் மேனேஜர், "இந்த வேலை எப்போ முடியும்?" என்று கேட்டார். "தெரியலை சார், பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். அறையில் ஊசி விழுந்தால் கேட்கும் நிசப்தம். துரை மட்டும் ஸ்டேப்ளரைச் சத்தமாக ஒரு தடவை அழுத்தினார்.

ராத்திரி அம்மா போன் பண்ணினாள்.

"எத்தனை எலிடா சுட்டே?"

"நான் சுடலைம்மா. காத்து பார்த்தேன்."

"காத்துப் பார்க்கவா அவ்வளவு தூரம்? இங்கே மெரினா என்னடா குறைச்சல்?"