அடுத்த வீட்டுப் பத்திரத்தில் நம் தாத்தா

எங்கள் ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு குடும்பத்தின் முழுக் கதையும் வெளியே வருவது பெரும்பாலும் சாவு வீட்டில்தான். காரியத்துக்கு வந்த பெரியவர்கள் பந்தலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் பேச்சு தானாகத் தொடங்கும். இறந்தவருடைய அப்பா கோலார் தங்கவயலுக்குப் போனது, போன இடத்தில் இன்னொரு பெண்ணைக் கட்டியது, அந்த வழிப் பிள்ளைகள் இன்னும் பங்காருப்பேட்டையில் இருப்பது என்று ஒன்றைத் தொட்டு ஒன்று வரும். சாப்பாடு முடிந்து இலை எடுத்ததும் பேச்சு கலைந்துவிடும். அடுத்த காரியம் வருவதற்குள் அதைச் சொன்னவரே போய்ச் சேர்ந்திருப்பார்.

இந்தப் பேச்சை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஒரு பள்ளிக்கூட அறை போதும். விஷயம் தெரிந்த ஒருவர் வந்து ஒரு மணி நேரம் பேசுவார். பிறகு அவரவர் கொண்டுவந்த பழைய காகிதங்களை மேசையில் விரித்துச் சேர்ந்து படிக்கலாம். இங்கிலாந்தில் இப்படிப்பட்ட குடும்ப வரலாற்றுச் சங்கங்கள் ஊருக்கு ஊர் உண்டு. லண்டனில் வம்சாவளி ஆய்வாளர்களின் சங்கம் 1911இலேயே தொடங்கிவிட்டது. இந்தியாவில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்களின் வாரிசுகள் தங்கள் முன்னோரைத் தேடுவதற்கென்றே 1998இல் தனியாக ஒரு சங்கம் வைத்தார்கள். வேலூர்க் கோட்டையில் காவல் நின்ற ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயின் கொள்ளுப்பேரன் அங்கே போய்க் கேட்கலாம். அந்தச் சிப்பாய்க்குச் சோறு பொங்கியவரின் கொள்ளுப்பேரனுக்குக் கேட்க இடமில்லை. சென்னையில் தமிழ் ஹெரிடேஜ் டிரஸ்ட் மாதாமாதம் நல்ல பேச்சுகளை நடத்துகிறது. கோயில், சிற்பம், கல்வெட்டு என்று நிறையக் கற்றுக்கொள்ளலாம். எனக்கு வேண்டியது அதைவிடச் சின்ன விஷயம், ஒரு தெருவின் தாத்தாக்களும் பாட்டிகளும்.

ஆம்பூரில் இந்தத் தேடலைத் தனித்தனியாகச் செய்ய முடியாது. எங்கள் தெருவில் ஒருவர் தன் வீட்டை விற்கப் பழைய பத்திரங்களை எடுத்தபோது நான்கெல்லை சொல்லும் செக்குபந்தியில் என் பாட்டனார் பெயர் இருந்தது. கிழக்கே இன்னார் குமாரர் இன்னார் வீடு என்று ஒரே ஒரு வரி. எங்களிடம் அந்தக் காலத்துப் பத்திரம் எதுவும் கிடையாது. அவர் அப்பா பெயர் என்ன, அந்த மனையில் எப்போது இருந்தார் என்பதற்கெல்லாம் எங்களுக்குக் கிடைத்த முதல் சாட்சி அடுத்த வீட்டுக்காரரின் காகிதம்தான். சென்னை மாகாணத்தில் 1860களின் நடுவிலிருந்து பத்திரங்கள் பதிவாகி வருகின்றன. ஒவ்வொன்றிலும் நான்கு பக்கத்துக்காரர்கள் இருக்கிறார்கள். பத்துக் குடும்பங்கள் தங்கள் பத்திரங்களை ஒரே மேசையில் வைத்தால் தெருவே எழுந்து நிற்கும்.

எங்கள் ஊரின் தோல் தொழிலும் அப்படித்தான். டேனரி முதலாளியின் குடும்பத்துக்குத் தன் வியாபாரக் கதை தெரியும். சென்னைப் பெரியமேட்டு மண்டிக்குச் சரக்கு அனுப்பியது, 1970களில் அரசு பதனிடாத தோல் ஏற்றுமதியை நிறுத்தி, பாதி பதனிட்ட தோலுக்கும் கட்டுப்பாடு போட்டதும் மெல்ல மெல்ல ஷூ கம்பெனிக்கு மாறியது எல்லாம் சொல்வார்கள். சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்றவரின் பெயர், மலையிலிருந்து கடுக்காய் கொண்டுவந்து போட்ட வண்டிக்காரரின் பெயர், ஆவாரம்பட்டை இடித்த பெண்களின் பெயர் அந்த முதலாளி வீட்டுக் கூலிக் கணக்கில் இருக்கும். அந்தத் தொழிலாளியின் பேரனுக்கு அப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாது. கணக்கு வைத்திருக்கும் முதலாளி வீட்டில் அது யாருடைய தாத்தா என்று தெரியாது. இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்தால்தான் அந்தப் பெயருக்கு முகம் வரும்.

அந்தக் கணக்குகளைப் படிப்பதே ஒரு வித்தை. வீசம், மாகாணி, அரைக்கால் என்று பின்னங்கள் வரும். தமிழ் எண்கள் வரும். பல வீடுகளில் கடிதங்கள் உருதுவில் இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளியில் படித்து அந்த எழுத்தைக் கைவிட்டுவிட்டார்கள். பழைய தமிழ்க் கணக்கு தெரிந்த ஒருவரும் உருதுக் கையெழுத்து படிக்கத் தெரிந்த ஒருவரும் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் முதல் இரண்டு பேச்சுகளும் அவர்களுடையவை.

அடுத்து, கடல் தாண்டியவர்கள். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. அதில் தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக 1,52,184 பேர் இந்தியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனார்கள். கரும்புத் தோட்டம், ரயில் பாதை, நிலக்கரிச் சுரங்கம் என்று வேலை. போனவர்களில் பெரும்பகுதி சென்னை வழியாகப் போனவர்கள். அவர்களில் வட ஆர்க்காட்டுக்காரர்கள் மிக அதிகம். 1876-78 தாது வருடப் பஞ்சம் நம் பக்கத்தை எப்படி அரித்தது என்பது தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது.

கப்பல்வாரியாக எழுதிய அந்தப் பட்டியல்கள் தென்னாப்பிரிக்காவில் பத்திரமாக இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் உள்ள அடையாளம். மனிதர்களைச் சரக்காக எண்ணிய ஒரு ஏற்பாட்டுக்காக எழுதியது அது. ஆனாலும் அதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சை அடைப்பது பெண்களின் வரிசைதான். நம் ஊரில் 1880இல் வாழ்ந்த ஒரு ஏழைப் பெண்ணின் பெயரை எந்தக் காகிதத்தில் தேடுவீர்கள்? நிலப் பதிவேட்டில் அவள் இல்லை. பத்திரத்தில் வந்தால் இன்னார் பெண்சாதி என்று வருவாள். அந்தக் கப்பல் பட்டியலில் அவளுக்கென்று ஒரு வரி உண்டு, அவள் ஊரோடு, அவள் அப்பன் பெயரோடு. மசூதியின் நிக்காஹ் பதிவேட்டில் மஹர் தொகைக்குப் பக்கத்தில் மணப்பெண்ணின் பெயர் கிடைக்கும். லுத்தரன் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டில் தாயின் பெயர் கிடைக்கும். மிசூரி லுத்தரன் சபையின் மிஷனரிகள் நேதரும் மோனும் கிருஷ்ணகிரியில் வேலை தொடங்கியது 1895இல். ஆம்பூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றின் எழுத்துச் சான்று அந்தப் பணியிலிருந்துதான் தொடங்குகிறது. வேறு எங்கே போனாலும் நம் பாட்டிகளைக் காணோம்.

டர்பனிலிருந்து இன்று ஒருவர் வட ஆர்க்காடு என்று எழுதிய காகிதத்தோடு இங்கே வந்து இறங்கினால் அப்படி ஒரு மாவட்டமே இல்லை. 1989இல் அது இரண்டாகப் பிரிந்தது. நம் பாதி பிறகு வேலூர் மாவட்டம் ஆனது. 2019இல் வேலூரும் மூன்றாகி, ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது. ஊர்ப் பெயரையோ குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். அது எந்த ஊர் என்று சொல்லக்கூடியவர் உள்ளூர்க்காரர்தான். டர்பனிலிருந்து வருகிறவருக்கு நாம் ஒரு விலாசம் வைத்திருக்க வேண்டாமா?

ஒரு விஷயத்தில் எனக்குக் கவலை உண்டு. தமிழ்நாட்டில் வம்சாவளி என்று தொடங்கினாலே அது சாதிச் சங்கத்தின் மலராக முடிகிறது. பெருமைக்குரிய பாட்டனார்கள் மட்டும் அதில் இடம் பெறுவார்கள். தோல் ஊறிய தண்ணீரில் நின்று கை வெந்தவரின் பேரனுக்குக் கப்பல் பட்டியலில் உள்ள சாதிக் கட்டம் வேறு மாதிரி வலிக்கும். அதை வாய்விட்டுப் படிப்பதா வேண்டாமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். கூட்டம் எந்த ஒரு தெருவுக்கும் சொந்தமாக இருக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பெயரை எழுதி வைப்பது ஊருக்குப் புதிதும் அல்ல. ஆம்பூரில் கிடைத்த இரண்டு நடுகற்கள் பல்லவன் நிருபதுங்கனின் 26ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை, அதாவது ஒன்பதாம் நூற்றாண்டு. நுளம்பன் படை ஊர்மேல் வந்தபோது எதிர்த்து விழுந்தவர்களுக்கு எடுத்த கற்கள். ராஜாவின் பெயரோடு விழுந்தவனின் பெயரையும் சேர்த்து வெட்டி வைத்திருக்கிறார்கள்.

நாள் கடத்த நேரமில்லை. பாலாற்று மாசு வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு டேனரிகள் சுத்திகரிப்புக்கு மாற வேண்டியிருந்தது, முடியாதவை மூட வேண்டியிருந்தது. மூடிய இடத்துக் கணக்குப் புத்தகங்கள் எடைக்குப் போகின்றன. கோலார் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடியது; கடைசியாகக் கீழே இறங்கியவர்களே இன்று வயதானவர்கள். அவர்களில் ஒருவரை மூன்றாவது மாதத்துக்குக் கூப்பிட வேண்டும். நான்காவது மாதம் பத்திரம் எழுதும் ஒருவரை அழைத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய நகல் கேட்டு மனு எழுதுவது எப்படி என்று கற்றுக்கொள்ளலாம். வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு காகிதம் கொண்டுவந்தால் போதும். காகிதம் இல்லாதவர்கள் தங்கள் வீட்டுக் கிழவியைக் கூட்டி வரட்டும்.